உள்ள ஒண்ணுமில்லம்மா

இல்ல தம்பி, நீங்க உக்காருங்க, எந்திரிக்க வேணாம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, உங்க வீட்டுக்காரம்மா கண்ணு முழிச்சுட்டாங்க. வார்டுக்கு மாத்தினதும் உங்களக் கூப்பிடுவாங்க, இன்னும் அரை மணி ஆகும். அதுக்குள்ள உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். நானா? ஸ்கேன் ரூம் சிஸ்டர். அதோ, வராண்டா கடைசில பச்சை கர்ட்டன் தொங்குதுல்ல, பத்தொம்போது வருஷமா அங்கதான் குப்பை கொட்டறேன்.

நீங்க உங்க அக்காகிட்ட ஃபோன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல சாமி, நீங்க போட்ட சத்தம் மேல் மாடி வரைக்கும் போயிருக்கும். உள்ள போய் அவளை நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன்னீங்க. வேணாம் தம்பி. வயித்துல தையல் இருக்கு. அழுதா வலி உயிர் போகும்.

கோவம் வராதான்னு கேட்டா, வரும்தான். புருஷன்கிட்ட கூட சொல்லாம ஒருத்தி தனியா ஸ்கேனுக்கு வந்திருக்கா, ரெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னா வரல, இன்னிக்குக் காலைல வகுப்புல பிள்ளைங்க முன்னாடி சுருண்டு விழுந்துட்டா. இப்படிக் கேட்டா யாருக்குத்தான் பத்திக்கிட்டு வராது? ஆனா உங்ககிட்ட ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஸ்கேன் மேசைல படுத்தா எல்லாரும் என்கிட்ட பேசிடுவாங்க, என் மூஞ்சி அப்படி. முன்னாடி ரெண்டு தடவ நாள் தள்ளிப் போய் ஒண்ணுமில்லாமப் போச்சாமே. ரெண்டு தடவயும் நீங்க சாப்பிடாம சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தீங்களாம். இந்த வாட்டி ரிப்போர்ட்டோட சொல்றேன் சிஸ்டர், இப்பவே சொன்னா அவரு வேலை பாக்கற அச்சாபீஸ்லயே நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிடுவாருன்னு சொல்லிச் சிரிச்சாங்க. மறைக்கணும்னு மறைக்கல தம்பி.

டாக்டரம்மா சொன்னது புரிஞ்சுதா? அவங்க மூச்சு விடாம பேசுவாங்க, பாதி பேரு தலையத் தலைய ஆட்டிட்டு என்கிட்ட வந்துதான் கேப்பாங்க. கரு கர்ப்பப்பைக்குள்ள வந்து தங்கணும். சில பேருக்கு வழியிலயே தங்கிடும், பெரும்பாலும் கருக்குழாய்ல. ரொம்ப அபூர்வமா முட்டை உருவாகற சினைப்பையிலயே ஒட்டிக்கும், உங்க வீட்டுல நடந்தது அதான். என் சர்வீஸ்ல இதையும் சேத்து மூணே மூணு பாத்திருக்கேன். அங்க அது வளர முடியாது. கொஞ்ச நாள்ல வெடிச்சு உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டும்.

இல்லல்ல, சைக்கிள் ஓட்டினதால இல்ல. உங்க அக்கா சொன்னாங்களா? அவங்க என்ன டாக்டரா? கனம் தூக்கினதால இல்ல, நின்னுக்கிட்டே பாடம் எடுத்ததால இல்ல, அவங்க பண்ணின எதனாலயும் இல்ல. இதை மட்டும் உங்க அக்காவுக்கு அழுத்தித் திருத்திச் சொல்லிடுங்க.

அன்னிக்கு ஸ்கேன்ல ஏன் தெரியலன்னா, அது தெரியறது கஷ்டம். மாசாமாசம் முட்டை வெளிய வந்த இடத்துல எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரு சின்ன நீர்க்கட்டி மாதிரி இருக்கும். இது பாக்க அச்சு அசலா அதே மாதிரி இருக்கும். டாக்டரம்மாவைக் குத்தம் சொல்ல முடியாது. அவங்க சந்தேகப்பட்டாங்க. வீட்டு டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்திருக்கு, கர்ப்பப்பை காலியா இருக்கு, அப்போ கரு இன்னும் கண்ணுக்குத் தெரியாத அளவுல இருக்கணும், இல்ல வேற எங்கயோ இருக்கணும். அன்னிக்கே ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எடுத்தா, நல்லபடியா தங்கின கருவுக்கு ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் விறுவிறுன்னு ஏறும். நொண்டியடிச்சா நம்ம சந்தேகம் சரி. நடுவுல வலி வந்தா, தலை சுத்தினா, எந்த நேரமானாலும் ஓடி வரணும். இதத்தான் சொல்லச் சொன்னாங்க.

வந்திருந்தாங்கன்னா? தம்பி, அதை ஏன் கேக்கறீங்க. சரி, கேட்டுட்டீங்க. குழாய்ல இருந்தா சில பேருக்கு ஊசி மருந்துலயே கரைச்சிடுவாங்க. சினைப்பைன்னா, வெடிக்கறதுக்கு முன்னாடி சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பாத்து, ஒட்டின துண்டை மட்டும் எடுத்திருப்பாங்க. இன்னிக்கு வயித்தைத் திறந்தப்ப ரத்தம் நிக்கல. ஒரு பக்கத்து சினைப்பைய முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு. இன்னொண்ணு நல்லா இருக்கு, நானே டாக்டரம்மாகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். பின்னாடி குழந்தை பிறக்க வாய்ப்பு இருக்கு. ஆனா போனது போனதுதான். அதுல என்ன மழுப்பறது?

அதான் சொன்னாங்களே, அவதானே வரலன்றீங்க. இல்ல தம்பி. அவங்ககிட்ட யாரும் சொல்லல.

கேளுங்க, நடுவுல பேசாதீங்க, அப்புறம் எனக்கு வாய் வராது. போன செவ்வாக்கிழமை அவங்களுக்கு ஸ்கேன் எடுத்து முடிச்சதுமே டாக்டரம்மாவைப் பிரசவ வார்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க. அவங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. மத்தியானம் ஃபோன் பண்ணுங்க, சிஸ்டர் சொல்வாங்கன்னுட்டு டாக்டரம்மா ஓடினாங்க. மத்தியானம் ஃபோன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். வெளிய பதினாலு பேர் வரிசை, அத்தனை பேரும் லிட்டர் கணக்குல தண்ணி குடிச்சிட்டு முட்டிக்கிட்டு நிக்கறாங்க, ஒரு அம்மா கதவை உடைக்காத குறை. நான் ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு மேசைக்கு விரிப்பு மாத்தறேன். சிஸ்டர், என்ன சொன்னாங்கன்னு கேட்டாங்க. உள்ள ஒண்ணுமில்லம்மான்னேன்.

எங்க ரூம்ல அது கெட்ட வார்த்தை தம்பி. டாக்டரம்மா திரையைப் பாத்துக்கிட்டே உள்ள ஒண்ணுமில்லன்னாங்கன்னா நான் ரத்தம் எடுக்க ஊசியை எடுத்துடுவேன். கர்ப்பப்பை காலி, கருவைத் தேடணும்னு அர்த்தம். வெளிய அதுக்கு என்ன அர்த்தம்? குழந்தை விழுந்து அழுதா ஒண்ணுமில்லடா கண்ணுன்னு சொல்றோமே, அதான். அவங்க அப்பாடான்னாங்க. அப்பாடா, ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர், மணி அடிச்சிருச்சுன்னு வச்சுட்டாங்க.

அந்த அப்பாடா எனக்கு உறுத்துச்சு. உறுத்தாம இல்ல. இதுக்கு ஏன் இந்தப் பொண்ணு அப்பாடாங்குதுன்னு ஒரு நிமிஷம் நின்னேன். ரத்தத்தைப் பத்தி இன்னும் சொல்லவே இல்லையே, அப்புறம் கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அந்த அம்மா மறுபடி கதவைத் தட்டினாங்க. அவ்வளவுதான், மறந்தே போயிட்டேன். செவ்வா, புதன், வியாழன்னு ஆறு நாள் நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கியிருக்கேன், பாவி.

இன்னிக்கு ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டு வந்தப்ப பெரிய டாக்டர் கேட்டாரு, வலி வந்ததும் ஏம்மா வரலன்னு. நேத்தே வலிச்சுது சார், ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லன்னாங்களே, குழந்தைக்கு வயிறு இடம் குடுக்குதுன்னு நினைச்சேன், அடுத்த ஞாயித்துக்கெழமை அவருகிட்ட சொல்லலாம்னு இருந்தேன்னாங்க. நான் பக்கத்துல குளுக்கோஸ் பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். என்னை அடையாளம் தெரிஞ்சு, சிஸ்டர் நீங்களா, குழந்தை நல்லா இருக்கில்லன்னு கேட்டாங்க தம்பி.

என்ன சிரிக்கறீங்க? என்னது? அவங்கமேல உங்களுக்குக் கோவம் வரக்கூடாதுன்னு பழிய என் தலைல போட்டுக்கறேனா? நல்ல மனசா? எனக்கா? ஐயோ, அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. தண்ணியெல்லாம் வேணாம், நீங்க குடிங்க.

தெரியும். ஃபைல்ல இருக்குன்றீங்க. பெரிய டாக்டர் உங்ககிட்ட காட்டினாரா? கர்ப்பப்பை காலி, ரெண்டு நாள்ல ரத்தம் குடுக்க வரச் சொல்லப்பட்டது, வலி வந்தா உடனே வரச் சொல்லப்பட்டது, நோயாளி புரிந்துகொண்டார். அதானே? யாரும் என்கிட்ட சொல்லல, எனக்கே மனப்பாடம். காலைல அவங்கள தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போய் கதவைச் சாத்தினதும் நான் ஸ்கேன் ரூமுக்குப் போய், அந்த ஃபைலை எடுத்து வச்சு உக்காந்து எழுதினது அது. போன செவ்வாக்கிழமை தேதி போட்டேன். பக்கத்துல நேரம் கூடப் போட்டேன் தம்பி, பன்னெண்டு நாப்பதுன்னு.