அடுப்படியிலை செத்த டெப்

…இல்லையக்கா, எங்கடை வீட்டிலை கரண்டே இல்லையெண்டு நினைச்சிட்டினம் போலை! பிள்ளையின்ரை டெப்பை, உந்தப் பாடம் வாசிக்கிற சிலேட்டுக் கம்பியூட்டரை, சார்ச் போட்டு அனுப்புறேல்லையெண்டு பள்ளிக்கூடத்தாலை கடிதம். ரீச்சரை வந்து பாக்கட்டாம், அதுதான் உங்களைப் போலை நானும் இந்த வாங்கிலை குந்திக்கொண்டிருக்கிறன். என்ரை மகள் நிமலினி வாசிக்கமாட்டாள், நானும் எழுத்துக்கூட்டித்தான். கடைசியிலை பக்கத்து வீட்டு நேசமலர் அக்கா வாசிச்சா, ஒழுங்கை முழுக்கக் கேக்க. நல்ல காலம், கோயில் மைக் அவவிட்டை இல்லை.

நிமலினி ஒன்பதாம் வகுப்பு. மூளை இருக்கு, எழுத்துத்தான் கண்ணுக்கு முன்னாலை ஓடுதாம். அதுக்காக உதயகலா ரீச்சர் குடுத்த டெப். விஞ்ஞானம், வரலாறெல்லாம் அவளின்ரை காதுக்குள்ளை வாசிக்கும். விஞ்ஞானத்திலை பதினெட்டுப் புள்ளி எடுத்தவள் போன தவணை எழுபத்தொண்டு!

இப்ப பள்ளிக்கூடத்திலை ரெண்டாம் பாடவேளையோடை டெப் செத்துப் போகுதாம். பிள்ளை யன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கிறாளாம். பறிச்சு வேறை பிள்ளைக்குக் குடுக்கப் போகினமாம். குடுக்கட்டுமன்! அவள் திரும்பப் பதினெட்டு எடுக்கட்டும், எல்லாருக்கும் சந்தோசம்!

படுக்கமுதல் நான்தானக்கா வயர் செருகிறனான். விடிய நாலு மணிக்கு நான் எழும்பேக்கை நூறு காட்டும். அவள் எழும்பி, முழுகி, தலை பின்னுமட்டும் அது சும்மாதானே கிடக்கு…

சும்மா எண்டால்… இடியப்பம் அவிக்கேக்கை காதிலை மாட்டுவன். ஒரு பாடம்தானக்கா! சம்பல் இடிக்கேக்கை ரெண்டாவது. சொதி கொதிச்சால்… அதென்ன, பாதியிலை நிப்பாட்டலாமே? நாங்கள் இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்திலை என்ரை படிப்பு நாலாம் வகுப்போடை நிண்டது. பிறகு ஆர் எனக்குப் புத்தகம் வாசிச்சது?

ரத்தத்திலை ஓடுற செங்குருதிக் கலம் எத்தினை நாள் சீவிக்கும், சொல்லுங்கோ பாப்பம்? நூற்றிருபது நாள்! தெரியாதுதானே? பெரிய பள்ளிக்கூடத்திலை படிச்சனீங்களெண்டு சொன்னியள்…

அக்கா? அட, வாங்கு வெறுமையாக் கிடக்கு! எப்ப எழும்பிப் போனவ உவ?

ஓம் ரீச்சர், வாறன்… ரீச்சர், பிள்ளையிலை பிழையில்லை. பற்றறியிலையும் இல்லை. காலமையிலை நான்தான் பாடம் கேட்டுக் கேட்டுச் சார்ச்சை முடிக்கிறனான். டெப்பைப் பறிச்சுப் போடாதேங்கோ, இனி நான் தொடமாட்டன், சத்தியமா.

ஆனா ரீச்சர்… காலமை சிறுநீரகப் பாடம் பாதியிலை நிண்டுபோச்சு. மிச்சத்தை ஒருக்கா உங்கடை வாயாலை சொல்லுறியளே?