பாடத் தெரியாதவள் பாட்டைப் படித்த ஆண்டு

நான் எத்தனை நிமிடம் பேசுவேனோ என்று கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், எதற்கும் தயாராகத் தண்ணீர்க் குவளையைக் கையிலேயே வைத்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! அபசுரத்தையும் அன்போடு பொறுத்து, அதற்கு மதிப்பெண்ணும் போடும் ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை மருத்துவம் படிப்பான் என்று நம்பியிருந்து, அவன் மத்தளம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாள் முதல் காதில் பஞ்சோடு குடும்பம் நடத்தும் தாய்மார்களே! அந்தச் செய்தியைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்த தந்தைமார்களே! இன்று முதலாம் ஆண்டு வகுப்பில் காலடி வைக்கும் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் என் கனிவான, கடனில்லாத, கலப்படமில்லாத வணக்கம்.

அறிவிப்பாளர் என்னைப் பற்றிச் சொல்லும்போது, இசையுலகின் இமையா விழி என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாரைச் சொல்கிறாரோ என்று. என் தொழில் எளியது. வாத்தியக் குழுக்கள் வாசிக்க வேண்டிய தாள்களை, அவர்கள் வாசிப்பதற்கு முன்னால் நான் வாசித்துப் பிழை திருத்துகிறேன். இருபத்தேழு ஆண்டுகளாகப் பாட்டுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா தலையாட்டுகிறார், எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று. இல்லையம்மா. முதலாம் ஆண்டில் நான் ஒரு வரி பாடியபோது, பக்கத்திலிருந்த நூலகத்தின் பொறுப்பாளர் ஓடிவந்து, இங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவர் கையில் மருந்துப் பெட்டி இருந்தது.

அப்படிப்பட்டவள் இசை படிக்க எப்படி வந்தாள்? ஆசைப்பட்டா வந்தாள்? அடம்பிடித்தா வந்தாள்? அறியாமல் வந்தாள்!

என் அப்பா கொத்தனார். நான் கட்டட வரைபடம் படிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. சேர்க்கை நாளன்று அறிவிப்புப் பலகையில், ‘கோடுகளும் குறியீடுகளும்: அடிப்படைப் பாடம்’ என்று எழுதியிருந்தது. கோடு இருக்கிறது, குறியீடு இருக்கிறது, வேறென்ன வேண்டும்? வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் நீள நீளமான பெட்டி வைத்திருந்தார்கள். வரைபடக் கருவிகள் போலிருக்கிறது, என்னிடம் இல்லையே என்று கூசிப்போய் நின்றேன். அந்தப் பெட்டிகளுக்குள் புல்லாங்குழல் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் வந்த விரிவுரையாளர் ஒல்லியானவர், இளைஞர். மேஜை, நாற்காலி, கதவு, சன்னல் என்று எதைக் கண்டாலும் டக் டக் என்று தட்டுவார். அதனால் அவருக்கு டக்கு சார் என்று பெயர். அவர் எங்களுக்கு ஐந்து நிமிடம் ஏதோ சொல்லிவிட்டு, நாளைக்கு மேஜர் ஸ்கேல், மைனர் ஸ்கேல் இரண்டோடும் வரச் சொன்னார். நான் கடைக்குப் போய் ஒரு அடி ஸ்கேல் ஒன்றும் அரை அடி ஸ்கேல் ஒன்றும் வாங்கினேன். கடைக்காரர் மரமா, பிளாஸ்டிக்கா என்று கேட்டார். அதை சார் சொல்லவில்லையே என்று இரண்டு விதத்திலும் வாங்கினேன். மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து ஸ்கேலை வாசித்தார்கள். சுரங்களின் ஏறுவரிசைக்கு அப்படி ஒரு பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது. என் முறை வந்தது. நான்கு ஸ்கேலையும் மேஜை மேல் வைத்தேன். டக்கு சார் அன்று ஒருநாள்தான் எதையும் தட்டவில்லை.

சிரிக்காதீர்கள்... சரி, சிரித்துக்கொள்ளுங்கள். அன்று என் வகுப்பே சிரித்தது.

அலுவலகத்துக்கு ஓடினேன். வரைபட வகுப்பு நிரம்பிவிட்டது, இந்த ஆண்டு இங்கே தேறிவிட்டால் அடுத்த ஆண்டு மாற்றித் தருகிறேன் என்றார் எழுத்தர். தேறினால்! டக்கு சார் ஆர்மோனியத்தில் இரண்டு சுரங்களை வாசித்து, எது மேல்சுரம் என்று கேட்பார். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்துதானே சார் வருகிறது என்பேன். அவர் பெருமூச்சு விடுவார். கடைசியில், காதை விட்டுவிடு, கண்ணைப் பிடித்துக்கொள் என்று எழுத்துப் பாடத்தில் இறக்கிவிட்டார்.

அங்கேதான் என் உலகம் திறந்தது. ஐந்து கோடுகள். கோட்டின் மேலும் கோட்டுக்கு நடுவிலும் சுரங்கள். குறுக்கே தடுப்புக் கோடுகள். இரண்டு தடுப்புக்கு நடுவில் இருக்கும் அறைக்குப் ‘பார்’ என்று பெயர். எங்கள் பாடத்தில் ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. குறையக் கூடாது, கூடக் கூடாது. அட, இது எண்ணத் தெரிந்தவர்களுக்கான கலையல்லவா என்று எனக்கு உற்சாகம் பொங்கியது.

அந்த உற்சாகம்தான் என் வீட்டில் தீ வைத்தது. தொலைபேசியில் தோழியிடம் நான் சொன்னதை அப்பா கேட்டுவிட்டார். சொன்னது இதுதான்: “நேத்து மூணு பார் வரைக்கும் நல்லாத்தான் போனேன். நாலாவது பார்ல தடுமாறி விழுந்துட்டேன். சார் கைகொடுத்ததால எழுந்தேன்.”

மறுநாள் காலை, சட்டையில் சிமெண்ட் காயாமலேயே அப்பா கல்லூரிக்கு வந்து நின்றார். டக்கு சாருக்கு ஒன்றும் தெரியாது. மகளின் படிப்பை விசாரிக்க வந்த நல்ல தகப்பன் என்று உச்சி குளிர்ந்துபோய், உங்கள் பெண் இன்று காலையிலேயே எட்டு பார் முடித்துவிட்டாள் என்றார்.

“காலையிலயேவா?” என்றார் அப்பா.

“ஆமா. ஆனா ரெண்டு பாருக்கு மேல போனா நிதானம் போயிடுது. ஆட்டம் கண்டுடறா. நீங்க கவலைப்படாதீங்க. நானும் கூடவே போறேன்.”

தாய்மார்களே, என் தந்தை மூன்று மாடிக் கட்டடத்தின் சாரத்தில் நின்று வேலை பார்ப்பவர். அவர் அன்று தரையிலேயே தலைசுற்றி உட்கார்ந்தார். டக்கு சார் பதறிப்போய்க் கரும்பலகையில் ஐந்து கோடும் தடுப்பும் போட்டு, பார் என்றால் இதுதான் என்று விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அப்பா பலகையை உற்று உற்றுப் பார்த்தார். கடைசியில், எல்லாம் சரிதான், ஆனால் மூன்றாவது கோடு தொங்குகிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

இப்படியே ஆண்டின் கடைசி வந்தது. அன்பர்களே, இதுவரை சிரித்தீர்கள். இனிச் சொல்வதைக் கொஞ்சம் செவிகொடுத்துக் கேளுங்கள்.

எங்கள் துறைத்தலைவி பெரிய மேதை. நிமிர்ந்து பார்த்தாலே நாங்கள் குனிந்துகொள்வோம். ஆண்டு விழாவுக்காக நாற்பது வாத்தியங்களுக்கு ஒரு புதிய இசையை அவரே அமைத்திருந்தார். நாற்பது பேருக்கும் தனித்தனித் தாள். எனக்கு? பாட வராது, வாசிக்க வராது, ஆகவே பியானோக்காரருக்குப் பக்கத்தில் நின்று தாள் திருப்பும் பதவி. எனக்கு மறுபக்கத்தில் கிளாரினெட் என்ற ஊதுகுழல் வாசிக்கும் பெண். சைக்கிள் பழுது பார்ப்பவரின் மகள். கிசுகிசு என்று கூப்பிடுவோம். புறம் பேசுவாள் என்பதால் அல்ல, அவள் குரலுக்கு அதற்குமேல் சத்தம் கிடையாது. கிளாரினெட் கல்லூரியுடையது. குழுவில் இருக்கும்வரை கையில் இருக்கும். குழுவை விட்டால் அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் ஒத்திகை. பதினேழாவது பார் தாண்டியதும் துறைத்தலைவி கையை உயர்த்தி நிறுத்தினார். கிளாரினெட் தப்பு என்றார். மறுபடி வாசித்தார்கள். மறுபடி அதே இடம், அதே தப்பு. மூன்றாம் முறையும் அப்படியே. துறைத்தலைவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். அமைதியாகச் சொன்னார்: “நீ நாளைலருந்து வர வேண்டாம்மா. வாத்தியத்தை ஆபீஸ்ல குடுத்துடு.”

கிளாரினெட் ஐந்து துண்டாகக் கழலும். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகத் துடைத்து, பெட்டிக்குள் வைத்தாள். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவளைப் பார்க்கத் துணிவில்லை. எனக்கும் இல்லை. ஆகவே நான் அவளுடைய தாளைப் பார்த்தேன்.

பார்த்தவள் பழக்கதோஷத்தில் எண்ணினேன். பதினேழாவது பார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தா? மறுபடி எண்ணினேன். ஐந்து. அடுத்த பாரை எண்ணினேன். மூன்று.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை விளக்குகிறேன். ஒரு சுரத்துக்கு முன்னால் வேலிபோல ஒரு குறி போட்டால் அது அரைப்படி உயரும். அந்தப் பாருக்குள் அதே சுரம் மறுபடி வந்தாலும் உயர்ந்தேதான் ஒலிக்கும். தடுப்புக் கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தக் குறி செல்லாது, சுரம் பழைய இடத்துக்கு வந்துவிடும். இங்கே நான்காவது சுரத்துக்கு வேலி இருந்தது. அடுத்ததும் அதே சுரம்தான். இரண்டுக்கும் நடுவில் வர வேண்டிய தடுப்புக் கோடு ஒரு சுரம் தள்ளி விழுந்துவிட்டது. தாளின்படி ஐந்தாவது சுரமும் உயர்ந்துதான் ஒலிக்க வேண்டும். அப்படியே ஒலித்தது! தவறாக எழுதியதைத் தவறாமல் வாசித்திருந்தாள் அந்தப் பெண்.

சொல்லலாமா? யார் சொல்வது? எழுதியவர் துறைத்தலைவி. சொல்ல வேண்டியவள், நாலு ஸ்கேலோடு வகுப்புக்கு வந்தவள். கடைசித் துண்டும் பெட்டிக்குள் போனது. பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

“மேடம், இதுல அஞ்சு இருக்கு” என்றேன்.

துறைத்தலைவி திரும்பினார். என்ன ஐந்து என்று கேட்டார். பதினேழில் ஐந்து, பதினெட்டில் மூன்று என்றேன். வயலின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துறைத்தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு ரெண்டு சுரத்துக்கு வித்தியாசம் கேக்குமா?”

“கேக்காது மேடம். நாலுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் தெரியும்.”

தாளை வாங்கினார். விரலால் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு சிவப்பு மையால் தவறான கோட்டை அடித்து, சரியான இடத்தில் கோடு போட்டார். தாளை நாற்பது பேருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

“இது என் கையெழுத்து. அவ வாசிச்சது சரி. நான் எழுதினதுதான் தப்பு.” அப்புறம் அந்தப் பெண்ணிடம், “கிளாரினெட்டை மாட்டும்மா. நாங்க காத்திருக்கோம்” என்றார்.

பதற்றத்தில் அவள் வாய்வைக்கும் துண்டைத் தலைகீழாக மாட்டப் பார்த்தாள். பியானோக்காரர் உதவினார். மறுபடி வாசித்தார்கள். உண்மையைச் சொல்லவா? எனக்கு முன்பு கேட்டதற்கும் இப்போது கேட்டதற்கும் எள்ளளவு வித்தியாசமும் தெரியவில்லை! ஆனால் பதினேழாவது பாரைத் தாண்டியபோது அங்கிருந்த அத்தனை முகங்களும் மலர்ந்தன. அதை நான் கண்ணால் பார்த்தேன். இசை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே துறைத்தலைவி நாற்பது தாளையும் என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். பதினோரு பிழை கண்டுபிடித்தேன். அதில் மூன்று, பிழையே இல்லை, நான்தான் தவறாக எண்ணியிருந்தேன். மற்ற எட்டையும் திருத்தினார். வரைபட வகுப்புக்கு நான் போகவே இல்லை. அப்பாவுக்கு வருத்தம்தான். என்ன வேலை என்று யாராவது கேட்டால், என் பெண் பாட்டுக்கு மேஸ்திரி என்று சொல்லிச் சமாளித்தார்.

ஒத்திகை முடிந்து வெளியே வந்ததும் கிசுகிசுவிடம் கேட்டேன், தாளில் அப்படித்தான் இருக்கிறது என்று ஏன் நீ சொல்லவில்லை என்று. அவள் சொன்னது இன்றும் என்னைச் சுடுகிறது.

“முதல் தடவை தாளை நம்பினேன். ரெண்டாவது தடவை சந்தேகம் வந்துச்சு. மூணாவது தடவை, என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சுட்டேன்.”

கண்மணிகளே, கேட்டீர்களா? எத்தனை வகுப்பறைகளில், எத்தனை பணிமனைகளில், எத்தனை வீடுகளில் இந்த மூன்றாவது தடவை நடக்கிறது! சரியாகச் செய்தவர் தலைகுனிந்து பெட்டியை மூடுகிறார். சுற்றியிருப்பவர் தங்கள் தாளைப் பார்க்கிறார்கள். எழுத்து எதற்கு? படிப்பு எதற்கு? மேலே இருப்பவர் சொல்வதை மெல்லிய குரல் உள்ளவரும் சரிபார்க்கலாம் என்பதற்குத்தான் எழுத்து! காது கேளாதவள்கூடக் கண்ணால் நீதி கேட்கலாம் என்பதற்குத்தான் படிப்பு! மூன்று முறை தப்பு என்று சொல்லட்டும். நான்காம் முறை நீங்கள் எண்ணுங்கள். பக்கத்தில் இருப்பவருக்காகவும் எண்ணுங்கள். எண்ணியதை எழுந்து நின்று சொல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, ஒருநாள் உங்கள் முன்னும் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டே எழுந்து நிற்கும். அன்று நீங்கள், நாற்பது பேர் பார்க்க, இது என் கையெழுத்து என்று சொல்லும் உயரத்தில் இருங்கள்!

தலைவர் கடிகாரத்தைக் கழற்றிக் கையிலேயே எடுத்துவிட்டார். புரிகிறது ஐயா, முடித்துவிட்டேன். இத்தனை நேரம் பொறுமையோடு செவிசாய்த்த பெற்றோருக்கும் பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. முதல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, போய் வாருங்கள். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துச் செல்லுங்கள். யார் எழுதியதையும் திருத்த வேண்டி வரலாம். பெரும்பாலும் அது நீங்கள் எழுதியதாகவே இருக்கும்.

வணக்கம்.