வரிப்பணமும் சன்னலோர மேசையும்

அவைக்குத் தலைமை தாங்கி, அத்தலைமையின் சுமை சற்றும் முகத்தில் தெரியாமல் வீற்றிருக்கும் நம் சலவைக்கூடத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, அந்தச் சுமையைத் தாம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, நீராவியில் நின்றே தலை நரைத்த பெரியோர்களே, ஊரார் படுக்கை விரிப்புகளையெல்லாம் வெளுத்துவிட்டு ஈரம் காயாத கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, எந்நேரமும் கிளம்ப வசதியாகக் கதவருகே நிற்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வரலாறு சில தீர்மானங்களை மறப்பதில்லை. நம் செயற்குழு மூன்று அமர்வுகள் கூடி, ஆழ்ந்து ஆலோசித்து, ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. பழைய வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் உதவி மேசை, கதவருகே அல்ல, சன்னலருகே போடப்படும் என்று! கதவருகே போட்டால் காற்றில் தாள் பறக்கும் என்றது ஒரு தரப்பு. சன்னலருகே போட்டால் எழுதுபவர் முகத்தில் வெயில் அடிக்கும் என்றது மறு தரப்பு. இரு தரப்பும் தொழிலாளர் நலனில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு திரைச்சீலை வாங்குவதென்று சமாதானம் பிறந்தது.

எதற்காக அந்த மேசை? நம் சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடிக்கிறார்கள். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால், பலருக்குக் கட்ட வேண்டியதைவிட அதிகமாகப் பிடித்திருக்கும். மிச்சத்தைத் திருப்பித் தர அரசு மறுக்கவில்லை. கணக்கு எழுதிக் கேள் என்கிறது, அவ்வளவுதான். கேட்டோமா? ஓராண்டாவது கேட்டோமா?

நம் இஸ்திரிப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். 'உம்முணா அக்கா' என்று அவருக்கு நீங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். அவர் சிரிக்காதவர் அல்லர். வாயில் பல் இல்லாதவர். சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடும். ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். மேலும் கீழும் இரண்டு வரிசை கட்ட வேண்டும் என்றார் பல் மருத்துவர். விலையைக் கேட்டுவிட்டு அக்கா வந்த வழியே திரும்பிவிட்டார். அப்போதுதான் அவரிடம் கேட்டேன்.

"ஏன்க்கா, வரிக்கணக்கு குடுத்தீங்களா?"

"அதான் சம்பளத்துலயே புடிச்சிட்டாங்களே தம்பி. இதுல நான் வேற போயி என்ன கணக்கு சொல்றது?"

"அதிகமாப் புடிச்சிருந்தா திருப்பித் தருவாங்கக்கா."

"இப்பப் போனா, போன வருஷம் ஏன் வரலைன்னு கேப்பாங்களே?"

"சரி, போன வருஷம் ஏன் போகலை?"

"அதுக்கு முந்தின வருஷம் ஏன் வரலைன்னு கேட்டா?"

சிரிக்கிறீர்கள். சிரித்தவர்களில் கணக்குக் கொடுத்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள் பார்ப்போம். ம்... கையை இறக்குங்கள் தம்பி, நீங்கள் தலை சொறியத் தூக்கினீர்கள்.

கடன் வாங்கியவன் ஒளிவான், கண்டிருக்கிறோம். கடன் கொடுத்தவன் ஒளிவானா? நாம் ஒளிந்தோமே! நமக்குத் தர வேண்டியவன் வாசலை நாமல்லவா தலைகுனிந்து கடந்தோம்!

பின்வரிசையில் என்ன? "அபராதம் போட மாட்டாங்களா?" நல்ல கேள்வி ஐயா. அவர்கள் நமக்குத் தர வேண்டியிருக்கும்போது, தாமதத்துக்கு நம் சட்டத்தில் அபராதம் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அது கடந்தால் அந்த ஆண்டின் பணம் நமக்கு இல்லை. கெஞ்சினாலும் இல்லை.

அக்கா துணிந்தார். சம்பளச் சான்றுகளைத் தேடினார். ஒன்று, ஆடுகிற இஸ்திரி மேசையின் காலுக்கு முட்டாக மடிந்து கிடந்தது. எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்.

"மேசை போட்டதும் வாங்கம்மா" என்றார் செயலாளர். அடுத்த வாரமும் வந்தார். "இடம் இன்னும் முடிவாகலைம்மா." அக்கா காத்திருந்தார். காத்திருப்பது நமக்குப் புதிதா?

மேசை போட்ட அன்று முதலில் அமர்ந்தவர் அவர்தான். எழுதிய கணக்கோடு வரி அலுவலகத்துக்குப் போனோம். அலுவலர் தாள்களைப் புரட்டினார், முத்திரை குத்தினார், "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றார்.

அக்கா நகரவில்லை. "வேற ஒண்ணும் கேக்கலையா சார்?"

"என்ன கேக்கணும்?"

தாய்மார்களே! அத்தனை ஆண்டுகள் அஞ்சி அஞ்சி அவர் மனத்தில் பதில் தேடி வைத்திருந்த அந்தக் கேள்வியை, அங்கே யாரும் கேட்கவே இல்லை!

வெந்த விரல்களின் வியர்வை அந்தப் பணம். நீராவியில் நின்ற நாள்களின் விலை அது. அதைக் கேட்பது யாசகமா? குற்றமா? குனிந்து நிற்க வேண்டிய காரியமா? இல்லை! முட்டுக் கொடுத்த தாளை உருவுங்கள். மேசை ஆடினால் ஆடட்டும். மறைத்த ஆண்டையும் மறந்த ஆண்டையும் எழுதுங்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று எவரேனும் கேட்டால், ஏன் இத்தனை நாள் தரவில்லை என்று கேளுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், நடுவில் மணி அடிக்காத தலைவர் அவர்களுக்கும், மேசைக்கு இடம் கண்ட செயற்குழுவுக்கும் நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன். அமருமுன் ஒரு தகவல் மட்டும். அக்காவைப் பற்றிப் பலர் விசாரித்தீர்கள். வந்த பணத்தில் அவருக்கு மேல்வரிசைப் பல் கட்டியாகிவிட்டது. கீழ்வரிசைக்குப் போதுமான பணம் வர வேண்டியிருந்த ஆண்டுக்குக் கணக்குக் கொடுக்கும் கடைசி நாள், செயற்குழுவின் இரண்டாம் அமர்வுக்கும் மூன்றாம் அமர்வுக்கும் இடையில் வந்து போயிற்று.