பொணமாட்டம் படுக்கிற வகுப்பு

தருமபுரியிலிருந்து காரிமங்கலம் போகும் பஸ். முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள்.

"இன்னிக்கு கால் மணி நேரம் பொணமாட்டம் கெடந்தேன்க்கா."

மூத்தவர் பதறினார். "அடியே, வாயக் கழுவு!"

"வயசானவங்களுக்கு யோகா கிளாஸுக்கா. முட்டி வலின்னா நாற்காலியிலயே உக்காந்து செய்யலாம். கடைசியில அப்படித்தான் படுக்கச் சொல்றாங்க."

"படுக்கறதுக்கு எதுக்குடி கிளாஸு? வூட்ல படுக்க மாட்டியா?"

"வூட்ல பகல்ல படுத்தா, ஒடம்புக்கு என்னான்னு மருமவ கேக்கறா. மாட்டுக்குத் தண்ணி காட்டலயான்னு அவரு கத்தறாரு. அங்க படுத்தா, 'அசையாதீங்கம்மா, ரொம்ப நல்லா பண்றீங்க'ன்னு டீச்சரு சொல்றாங்க."

மூத்தவர் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு எனக்கும் ஒரு பாய் போடச் சொல்லுடி."