பத்து நாளைக்குத் திறக்காதே

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூரையில் திறப்பு வேண்டுமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் சார். இருபத்தாறு வருஷமாகச் சித்தூர் வேலூர் ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். திருவேங்கடம் பட்டறை என்றால் மாங்கூழ் கம்பெனி லாரிக்காரனிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தகரத்தைப் பற்றித் தெரிந்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

கூரை என்பது மூடிக்கொள்வதற்கு. அதில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு மூடி செய்து, மூடியைச் சுற்றி ரப்பர் வைத்து, ரப்பரைத் தாண்டி இறங்கும் தண்ணீர் வெளியே போக நாலு மூலையிலும் குழாய் வைத்திருப்பார்கள். வெயிலுக்கு ஏங்குகிற ஊர்க்காரன் செய்த வேலை அது. நம் ஊரில் மே மாதம் திறந்தால் மண்டை காய்ந்துவிடும். வண்டி புதிதாக இருக்கும்வரை பரவாயில்லை. பதினெட்டு வருஷம் ஆன வண்டியில் ரப்பர் வெடித்திருக்கும், குழாய் அடைத்திருக்கும், தண்ணீர் உள்ளே இறங்கித் தரைத் தகரத்தைத் தின்றுகொண்டிருக்கும். மேலே பளபளப்பு, கீழே அழுகல். அந்த நாற்றம் பட்டாலே எனக்குக் குமட்டும்.

தொண்ணூற்றொன்றுக்கு முன்னால் இந்தத் தொல்லை கிடையாது. சித்தூரில் ஓடினதே இரண்டு மூன்று வகைக் கார். அப்புறம் எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு வரலாம் என்றாகிவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் நகரிப் பக்கம். அங்கே எங்களுக்கு மாந்தோப்பு உண்டு. வீராசாமி அந்தத் தோப்பில் கூடை தூக்கினவன். இன்றைக்கும் என்னை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவான், நல்லவன். அவன் மகன் கிரண்குமார் பெங்களூர் போய்க் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். நாலாவது வருஷம், தரையோடு ஒட்டினாற்போல் இரண்டே கதவு வைத்த சிவப்பு ஜப்பான் கார் ஒன்றைப் பழசாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். இவன் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டே போனான்.

அக்டோபர் மாதம் வண்டியோடு என் பட்டறைக்கு வந்தான். "அண்ணா, மழ பேஞ்சா சீட்டு மேல ஒழுகுதுண்ணா. கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றான். அப்பன் ஆண்டே என்கிறான், மகன் அண்ணா என்கிறான். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு ஜாதி வித்தியாசம் கிடையாது சார். பட்டறைக்கு யார் வந்தாலும் ஒரே டீதான். அவர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப், அதுவும் சுத்தத்துக்காக.

"தகரம் வெச்சு அடைச்சிட்றேன். ஜென்மத்துக்கும் ஒழுகாது" என்றேன்.

"ஐயோ, வேணாண்ணா. அதுக்காவத்தான் இந்த வண்டியவே எடுத்தேன். கண்ணாடியெல்லாம் கரண்டுல ஏறி எறங்கறது, தண்ணி பட்டா நின்னுபூடுது. இது ஒண்ணுதான் கையால சுத்தறது. எப்பவும் தொறந்துக்கும்."

இதை அவனேதான் எனக்குச் சொன்னான்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஸ்ரீதேவி திருப்பதியில் எம்.சி.ஏ. படித்தாள், தினமும் பஸ்ஸில் போய் வருவாள். என் மச்சினன் சந்திரன் மலையடிவாரத்து அலிபிரியில் அவளைப் பார்த்தேன் என்றான். சிவப்புக் கார் ஒன்றின் கூரை வழியாக இடுப்புவரை வெளியே நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தாளாம். நடந்து மலையேற நின்ற ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்ததாம்.

நான் கை ஓங்கவில்லை. அவளைக் காணிப்பாக்கம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் வழக்கம் அதுதான். திருட்டோ தப்போ, குளத்தில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன். ஸ்ரீதேவி முங்கினாள், நடுங்கிக்கொண்டே நின்றாள். "எனுக்கும் அந்த வண்டிக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல நைனா" என்று சாமியைப் பார்த்துச் சொன்னாள். நான் நம்பினேன். திரும்பி வரும்போது அவளுக்குப் பிடித்த மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது கூரைக்கு வருகிறேன். மூடியைக் கழற்றினேன். முன்பக்கத்துக் குழாய் இரண்டும் அடைத்திருந்தது. கம்ப்ரஸரில் காற்று விட்டதும் கறுப்பாக ஒரு கசடு வந்து என் கையில் விழுந்தது. யாரோ மென்று துப்பியதுபோல இருந்தது. தேய்த்துப் பார்த்தேன். அழுகின பூ. மஞ்சள் கனகாம்பரம். நடுநடுவே மரிக்கொழுந்து, நீளமான தலைமுடி, பச்சைத் தையல் நூல். எங்கள் வீட்டில் பூ கட்ட வாழைநார் கிடையாது. என் மனைவி ரத்னம்மா தையல் மெஷினில் மிச்சமாகும் பச்சை நூலில்தான் கட்டுவாள். மஞ்சள் கனகாம்பரம் எங்கள் கொல்லையில் இருக்கிறது.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன், சோப்புப் போட்டேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நாற்றம் போகவில்லை. இரண்டு நாள் ரசம் சோறுகூட உள்ளே இறங்கவில்லை. கோபம் என்று எழுதாதீர்கள் சார், அது கோபம் இல்லை. அருவருப்பு. சோற்றில் கைவைக்கும் இடத்தில் புழுவைப் பார்த்தால் வருமே, அது.

அப்புறம் வேலையை முடித்தேன். நாலு குழாயையும் சுத்தம் செய்தேன், அது தேவையில்லை என்றாலும். மூடியைப் பொருத்தி, உள்பக்கமாக ஆறு இடத்தில் வெல்டிங் வைத்தேன். அரத்தால் ராவி, பெயின்ட் அடித்து, சுற்றிலும் புது ரப்பர் ஒட்டினேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே கைப்பிடி சும்மா சுற்றும்படி கேபிளை வெட்டிவிட்டேன். அரைகுறை வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

நவம்பரில் நாலு நாள் விடாமல் மழை பெய்ததே, அதில் கடைசி நாள் காலையில் வண்டி எடுக்க வந்தான். வேட்டி, புதுச்சட்டை. அன்று காலை நான்தான் ஸ்ரீதேவியை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டிருந்தேன். காலேஜில் விழா என்று பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"அலிபிரில வண்டிக்குப் பூஜ போடப் போறேண்ணா" என்றான். கையிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பின்சீட்டில் வைத்தான். பொட்டலம் பிரிந்திருந்தது. உள்ளே ரோஜா மாலை இரண்டு. வண்டிக்கு ஒரு மாலை போதும். எண்ணிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

"பச காயணும். பத்து நாளைக்குத் தொறக்காத" என்றேன்.

சரி என்று தலையாட்டினான். வண்டியைக் கிளப்பிவிட்டு, "வர்றேன் மாமா" என்றான். நாக்குத் தவறி வந்திருக்கும். உடனே முகம் வெளுத்துவிட்டது. நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "மெயின் ரோட்ல புளியமரம் சாஞ்சி கெடக்குதாம். ஏரிக்கர மேல பூந்து தரைப்பாலத்துல போயிடு. முட்டிக்குக் கீழதான் தண்ணி ஓடிக்கினு கீது" என்றேன்.

புளியமரம் எதுவும் சாயவில்லை. தரைப்பாலத்தில் மார்பளவு ஓடுகிறது என்று காலையிலேயே பால் வண்டிக்காரன் திரும்பி வந்து சொல்லியிருந்தான். கலங்கல் தண்ணீரில் ஆழம் தெரியாது. அந்த வண்டியோ மொத்தமே இடுப்பு உயரம்.

மறுநாள் நீங்கள் கோரைப்புல்லுக்குள்ளிருந்து வண்டியை இழுத்துப் போட்டு, இது உன் வேலையா என்று கேட்டீர்கள். கண்ணாடிகள் ஏறினபடியே நின்றிருந்தன. அந்தத் தண்ணீர் அழுத்தத்தில் கதவு திறக்காது. கூரையின் உள்துணி நகத்தால் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. கைப்பிடி உடைந்து ஸ்ரீதேவியின் கையில் இருந்ததாகச் சொன்னீர்கள். நான் மேலே தடவிப் பார்த்தேன். ஆறு வெல்டிங்கில் ஒன்றுகூட விடவில்லை. தண்ணீர் கதவு இடுக்கு வழியாக வந்திருக்கிறது, கூரை வழியாக ஒரு சொட்டு இறங்கவில்லை.

வீராசாமி ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்கிறார்கள். அவன் மகன் விஷயத்தில் நான் எதையும் மறைக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஸ்ரீதேவி அந்த வண்டியில் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். பெற்ற மகளை யாராவது அப்படிச் செய்வார்களா? அது பொய்ச் சத்தியத்துக்குச் சாமி கொடுத்த தண்டனை. நான் ஒரு கூரையை அடைத்தேன், அவ்வளவுதான். இதில் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன், கோர்ட்டிலும் இதையே சொல்வேன்.

ரத்னம்மா கொல்லையிலிருந்த கனகாம்பரத்தை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாளாம். என்னைப் பார்க்க வரவில்லை. உங்களிடம் மட்டும் வந்து, மகள் வண்டியில் இருந்தது தெரியாது என்பதை அந்தாளைக் காணிப்பாக்கம் குளத்தில் முங்கி எழுந்து ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள், அது போதும் என்றாளாமே.

எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போங்கள் சார். அங்கே மட்டும் வேண்டாம்.