ஒண்ணுமில்லாத ஒரு நிமிஷம்

இல்ல மேடம், ஹெட்போன் கெட்டுப்போகல. கடைசி ஒரு நிமிஷம் அப்படித்தான். திரையும் கறுப்பு, காதுலயும் ஒண்ணும் இருக்காது. புரியுது, சனங்க மிஷின் நின்னுபோச்சுன்னு நினைச்சுக் கழட்டி வெச்சிட்டுப் போயிடுவாங்க. அதை வெட்டினா உங்க படவிழாவுல இடம் உண்டு, இல்லன்னா கஷ்டம்னு சொல்றீங்க. இன்னைக்குள்ள சொல்லணும். முதல் படம், இடம் கிடைச்சா கசக்குமா என்ன?

எப்படி எடுத்தேன்னு கேட்டீங்கல்ல? வித்தையெல்லாம் இல்ல. பட்டாணி சைசுக்கு ரெண்டு மைக், காதுக்கு ஒண்ணா மாட்டிக்கிட்டு என் வீட்டுக்குள்ளேயே நடமாடினேன். அதான், நான் திரும்பினா உங்களுக்கும் வீடே திரும்பின மாதிரி இருந்துச்சு. வலது பக்கம் குழாய் சொட்டுச்சுல்ல, இடது பக்கம் ஒருத்தர் செருமிக்கிட்டு, செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தாருல்ல, அவர் எங்க மாமா. வீட்டுக்காரரோட அப்பா.

பேச்சா? ஐயோ, வாய் ஓயாது. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். டிரைவரோட பேசாதீங்கன்னு எழுதிப்போட்டு என் வாயைக் கட்டிட்டாங்கம்மா, இப்பதான் அத்தனையும் பேசித் தீர்க்கிறேன்னு சொல்லுவார். அவர்தான் எனக்கு ஹீரோ, அவரேதான் அசிஸ்டென்ட். நடக்கணுமா, இருமணுமா, சொல்லும்மான்னு காலையிலேயே ரெடியா நிப்பார்.

கடைசி நாள் மத்தியானம், வெறும் ரூம் சத்தம் ஒரு நிமிஷம் எடுக்கணும். ஆள் பேசாட்டியும் ரூமுக்குன்னு ஒரு அமைதி இருக்கு மேடம், வெட்டி ஒட்டுற இடத்துல அடியில போட அது வேணும். ஃபேனை அணைச்சேன், ஃபிரிட்ஜை அணைச்சேன். ஃபிரிட்ஜை அணைச்சா வண்டிச் சாவியை அதுக்குள்ள வெச்சிடுவேன், அப்பதான் வெளியே கிளம்புறப்போ சாவிக்காகத் திறந்து, திரும்பப் போட மறக்காம இருப்பேன். மாமா உள் ரூம்ல காப்பி குடிச்சிட்டு இருந்தார். ஒரே ஒரு நிமிஷம் மாமா, என்ன ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னேன். விரலை உதட்டுல வெச்சுக் காட்டினார்.

நாப்பது செகண்ட் இருக்கும். இடது காதுல டக் டக்னு சத்தம். டம்ளர்ல ஸ்பூன். ரெண்டு தடவை. எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா மாமான்னு உட்கார்ந்த இடத்துலேருந்தே கத்தினேன். பதில் இல்ல. பரவால்லையே, சொன்ன பேச்சு கேக்குறாரேன்னு மறுபடி முதல்லேருந்து எடுத்தேன்.

முடிச்சிட்டு, போதும் மாமா, இனி பேசுங்கன்னு உள்ளே போனேன். ஸ்பூன் கையிலேயே இருந்துச்சு. மூச்சு இல்ல.

ஆமா மேடம். வாயைத் திறக்காதீங்கன்னேன், அவரும் திறக்கல. தட்டிப் பாத்திருக்கார்.

உடனே போயிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். சரின்னேன். அழுகை வரல, இன்னும் வரல. வண்டிச் சாவி மூணு நாள் ஃபிரிட்ஜுக்குள்ளயே கிடந்துச்சு. அதுக்கு அவசரமே வரலையே.

வேண்டாம், தண்ணி வேண்டாம். வீட்டுக்காரர் படத்தைப் பாத்துட்டு, அந்தக் கடைசி நிமிஷம்தான் மனசுக்கு நிம்மதியா இருக்குன்னார். அவர்கிட்ட நான் இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் வாயைத் திறந்திருக்கேன். அதனால அந்த நிமிஷத்தை வெட்டுறது நடக்காது மேடம், படத்தை வேணா லிஸ்ட்டுலேருந்து எடுத்துடுங்க.

எது, அந்த ஸ்பூன் சத்தமா? நல்லாக் கேட்டுப் பாத்தாலும் கேக்காது மேடம். அது முதல் டேக், அதைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். படத்துல இருக்கிறது ரெண்டாவது டேக். அது சுத்தமா வந்துச்சு.