கரைக்குக் கேட்ட சொல்

சந்திரவதனா: வலப்பக்கம்... வலப்பக்கம் எண்டு சொல்லுறன்.

தில்லையம்பலம்: ஆரின்ரை வலப்பக்கம்? உம்மடையோ, என்ரையோ?

சந்திரவதனா: என்ரை. நான்தானே போற பக்கத்தைப் பாக்கிறன். நீங்கள் வந்த பக்கத்தைப் பாத்துக்கொண்டெல்லோ வலிக்கிறியள்.

தில்லையம்பலம்: துடுப்பு வலிக்கிறதெண்டா அப்பிடித்தான். கரைதான் தெரியும். கோசிகா கரையிலை கமராவோடை நிக்கிறாள். எங்களைத்தான் எடுக்கிறாள் போலை... கொஞ்சம் தள்ளி இரும்.

சந்திரவதனா: எங்கை தள்ளுறது? இது வள்ளம், கலியாண ஹோல் இல்லை.

தில்லையம்பலம்: சிரியாதையும். கூட வந்த தமிழ்ச் சங்கத்து ஆக்கள் என்ன நினைப்பினம்.

சந்திரவதனா: அவை தேசிக்காய் ஓட்டத்திலை நிக்கினம். விடியப்புறம் லண்டன் கிங்ஸ்பரியிலை பஸ் ஏறி, இவ்வளவு தூரம் வின்டர்மியருக்கு வந்து, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டியைக் கவ்விக்கொண்டு ஓடுகினம்.

தில்லையம்பலம்: போன வருசமும் அப்பிடித்தான். றோல்ஸ், ஓட்டம், கயிறிழுவை, குறூப் போட்டோ, பஸ். ஒருத்தரும் கால் நனைக்கேல்லை.

சந்திரவதனா: இந்த வருசம் நாங்கள் நனைக்கிறம்... நல்லாத்தான் இருக்கு. லண்டன் அவியுதாம். இஞ்சை மலையிலையிருந்து என்ன காத்து.

தில்லையம்பலம்: கையைத் தண்ணிக்குள்ளை விட்டுப் பாரும்... குளிருதோ?

சந்திரவதனா: நெஞ்சுமட்டும் குளிருது. கதையை மாத்தாதையுங்கோ. எப்ப சொல்லப்போறியள்?

தில்லையம்பலம்: ஆரிட்டை?

சந்திரவதனா: அங்கை கமராவோடை நிக்கிற உங்கடை மகளிட்டை. எங்கடை விசயத்தை.

தில்லையம்பலம்: அதுக்குத்தானே வந்தனான்.

சந்திரவதனா: பஸ்ஸிலை சொல்லுறனெண்டனீங்கள். பஸ்ஸிலை நித்திரை.

தில்லையம்பலம்: நித்திரை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்.

சந்திரவதனா: குறட்டையும் விட்டனீங்கள்.

தில்லையம்பலம்: அது... அவள் நம்பவேணுமெண்டு விட்டது.

சந்திரவதனா: சாப்பிடேக்கை சொல்லுறனெண்டியள். மரியமலர் அக்கா வந்து குந்தினவுடனை கத்தரிக்காய் விலையைப் பற்றிக் கதைச்சியள்.

தில்லையம்பலம்: அவவுக்கு முன்னாலை சொன்னா, பஸ் லண்டன் போகமுன்னமே கதை லண்டனுக்கு அங்காலை குட்மேய்ஸ் போயிடும்.

சந்திரவதனா: போகட்டுமே. அண்ணை அண்ணையெண்டு எனக்கு நாக்குத் தடிச்சுப்போச்சு. காலமை “தில்லை அண்ணை, தேத்தண்ணி வேணுமோ” எண்டு கேக்க எனக்கே கூச்சமாக் கிடந்தது.

தில்லையம்பலம்: எல்லாரும் எல்லாரையும் அண்ணையெண்டுதானே கூப்பிடுகினம்.

சந்திரவதனா: மரியமலர் அக்கா கேட்டவா, “இவர் சீனி போடுறேல்லையெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்” எண்டு.

தில்லையம்பலம்: என்ன சொன்னனீர்?

சந்திரவதனா: இந்த வயசிலை ஆர் அக்கா சீனி போடுகினம் எண்டன்.

தில்லையம்பலம்: கெட்டிக்காரி.

சந்திரவதனா: பகிடி விடாதையுங்கோ. என்ரை லதீசனுக்கு ஜேர்மனிக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிப்போட்டன். “அம்மா, இனித் தனிய இருக்காதையுங்கோ” எண்டவன். உங்கடை மகள் உங்களோடை ஒரே வீட்டிலை இருக்கிறாள், உங்களுக்கு வாய் வருகுதில்லை. இண்டைக்குச் சொல்லாட்டி நான் பஸ்ஸாலை இறங்கி என்ரை அறைக்குப் போவன், நீங்கள் உங்கடை வீட்டை போவியள். உப்பிடி எத்தினை நாளைக்கு?

தில்லையம்பலம்: உமக்குத் தெரியாது, சந்திரா. கோசிகாவின்ரை தாய் சுசிலா கண்ணை மூடி ஆறு வருசம். இன்னும் தாயின்ரை கப்பிலைதான் தேத்தண்ணி குடிக்கிறாள். கழுவக்கூட என்னை விடாள். அந்தப் பிள்ளையிட்டைப் போய், தாயின்ரை இடத்துக்கு இன்னொராள் எண்டு எந்த வாயாலை...

சந்திரவதனா: நான் அவவின்ரை கப்பைக் கேட்டனானோ?

தில்லையம்பலம்: இல்லை.

சந்திரவதனா: இடத்தைக் கேட்டனானோ?

தில்லையம்பலம்: இல்லை...

சந்திரவதனா: பக்கத்திலை ஒரு கதிரை. அவ்வளவுதானே.

தில்லையம்பலம்: வியாழக்கிழமை கேட்டவள், “என்னப்பா, கோட்டும் கழுத்திலை ரையும், எங்கை போறியள்” எண்டு.

சந்திரவதனா: அதுக்கு?

தில்லையம்பலம்: கண் காட்டப் போறன் எண்டன்.

சந்திரவதனா: ரை கட்டிக்கொண்டோ?

தில்லையம்பலம்: புது டொக்டர், கொஞ்சம் கண்டிப்பான ஆள் எண்டன்.

சந்திரவதனா: நம்பினவளோ?

தில்லையம்பலம்: கிட்ட வந்து, ரையை நேராக்கி விட்டவள்... அதைத்தான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு.

சந்திரவதனா: ...கரைக்குத் திருப்புங்கோ. இப்பவே.

தில்லையம்பலம்: வள்ளத்தை வாடகைக்கு எடுத்த நேரம் இன்னும் முடியேல்லை.

சந்திரவதனா: திருப்புங்கோ... அது என்ன சத்தம்?

தில்லையம்பலம்: ஏரி சுத்திக் காட்டுற பெரிய கப்பல். அது தன்ரை பாட்டிலை போகும்.

சந்திரவதனா: அது போகுது. அலை இஞ்சாலை வருது.

தில்லையம்பலம்: எந்தப் பக்கம்?

சந்திரவதனா: என்ரை இடது... உங்கடை... துடுப்பு வழுகுது, பிடியுங்கோ... எழும்பாதையுங்கோ. எழும்பாதையுங்கோ எண்டெல்லோ சொல்லுறன்... இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!

தில்லையம்பலம்: இருக்கிறன். வள்ளத்துக்குள்ளைதான் இருக்கிறன், சந்திரா. ஒண்டுமில்லை. தோள்மட்டும்தான் நனைஞ்சது. கையை விடாதையும்.

சந்திரவதனா: போச்சுது.

தில்லையம்பலம்: என்ன, செருப்போ?

சந்திரவதனா: நான் கத்தினது... கரைக்குக் கேட்டிருக்குமோ?

தில்லையம்பலம்: தேசிக்காய் ஓட்டம் நிண்டுபோச்சு. எல்லாரும் இஞ்சாலைதான் பாக்கினம்.

சந்திரவதனா: இஞ்சை பாருங்கோ எண்ட கருத்திலை சொன்னதெண்டு சொல்லுவம்.

தில்லையம்பலம்: அந்த இழுவையிலை பொம்பிளையள் புருசனை மட்டும்தான் கூப்பிடுறவை. மரியமலர் அக்காவுக்கு அது தெரியாதோ?

சந்திரவதனா: கோசிகா?

தில்லையம்பலம்: கமராவைக் கீழை இறக்கிட்டாள்.

சந்திரவதனா: ...வலியுங்கோ. கரைக்குத் திருப்பி நேரை போங்கோ. நான் வழி சொல்லுறன்.

கோசிகா: அப்பா, கரை வந்திட்டுது, கயிறைத் தாங்கோ. அன்ரி, என்ரை கையைப் பிடியுங்கோ. ஸ்லோவா.

சந்திரவதனா: நனைஞ்சிட்டம், பிள்ளை.

கோசிகா: பாத்தனான். கேட்டனானும்.

தில்லையம்பலம்: கோசிகா, அது... அலை வந்தது, அன்ரி பயந்து...

கோசிகா: அப்பா, ப்ளீஸ். அம்மா போனாப்பிறகு அந்தச் சொல்லை எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சொல்லேல்லை. நான் டக்கெண்டு பின்னாலை திரும்பிப் பாத்திட்டன்... ஒரு செக்கன். அம்மாதான் எங்கையோ நிண்டு கூப்பிடுறா எண்டு.

தில்லையம்பலம்: பிள்ளை...

கோசிகா: அழாதையுங்கோ. மரியமலர் அன்ரி பாக்கிறா.

சந்திரவதனா: கோவமோ, பிள்ளை?

கோசிகா: கோவம்தான். சொல்லாததுக்கு. நானும் எவ்வளவு நாள் வெயிட் பண்ணுறது? இந்த ரெண்டு பேர் வள்ளத்தை ஆர் எடுத்துத் தந்தது எண்டு நினைக்கிறியள்? பஸ்ஸிலை வேறை, குறட்டை விட்டு நடிப்பு. அப்பா நித்திரையிலை குறட்டையே விடுறேல்லை.

சந்திரவதனா: பாத்தியளோ? அவள் நம்பவேணுமெண்டு விட்ட குறட்டை!

கோசிகா: அன்ரி, எங்கடை வீட்டிலை ஒரே ஒரு கப்பைத்தான் நான் குடுக்கமாட்டன். மற்றதெல்லாம் உங்கடை.

சந்திரவதனா: அது உன்ரைதான், பிள்ளை. நான் தொடவும் மாட்டன்.

கோசிகா: ஓகே. ஆனா ஒண்டு. கலியாணத்தை ஒளிச்சு மறைச்சுச் செய்யேலாது. வடிவாச் செய்யோணும். அப்பாவுக்கு ரை நான்தான் கட்டி விடுவன். எப்ப வைப்பம்... செப்டெம்பர்?

தில்லையம்பலம்: சந்திரா... நீர் சொல்லும்.

சந்திரவதனா: வியாழக்கிழமை கவுன்சிலிலை கையெழுத்து வைச்சு எங்கடை கலியாணத்தைப் பதிஞ்ச அண்டைக்கு, அப்பான்ரை ரையை நேராக்கி விட்டது நீதான், பிள்ளை.